பெயர் பொறிக்காத வாத்தியம்

சென்ற ஆண்டு, அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கும் என் மைத்துனரிடமிருந்து ஒரு நீண்ட கடிதமும், அதனுடன் முப்பதுக்கு மேற்பட்ட புகைப்படங்களும் வந்தன. அவருடைய அண்டை வீட்டில் வாழ்ந்த முதியவர் ஒருவர் காலமாகிவிட்டார். ஆயுள் முழுவதும் உலோகக் கடைசல் பட்டறையில் பணிபுரிந்தவர் அவர். அவருடைய மோட்டார்க் கொட்டகையில் நான்கு கால்களின்மேல் நிற்கும் நீள்சதுரமான வாத்தியம் ஒன்று, பழைய போர்வையால் மூடப்பட்டுக் கிடந்தது. அது பெடல் ஸ்டீல் கிதார். அதைச் செய்தவர் பெயரோ, நிறுவனத்தின் பெயரோ அதில் எங்கும் காணப்படவில்லை.

“அவர் தம் கையாலேயே செய்தது என்று சொல்லுவார். நான் மணமாகி வருமுன்பே அது இருந்தது, செய்யும்போது நான் பார்த்ததில்லை” என்று அவருடைய மனைவியார் கூறினாராம். பழைய இசைக்கருவிகளை வாங்கி விற்கும் வியாபாரி ஒருவர் வந்து பார்த்து, “இஃது ஏதோ ஒரு கம்பெனி மாணவர்களுக்கென்று செய்த சிறு கருவி, பெயர்த்தகடு விழுந்துவிட்டது” என்று சொல்லி ஒரு விலை கூறினார். மறுநாள் வந்த மற்றொருவரோ, “வீட்டில் செய்தது, பிரித்தெடுத்து உதிரிப் பாகங்களை விற்கத்தான் உதவும்” என்று சொல்லி, அதில் பாதி விலை கூறினார். என் மைத்துனர் எழுதியிருந்தார்: “அத்தான், இருவரில் யார் சொல்வது மெய்? கம்பெனிப் பொருள் என்றே நாமும் சொல்லிவிட்டால் அந்த அம்மாளுக்கு இரட்டிப்புப் பணம் கிடைக்குமே! ஆனால் அவர்கள் பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. தம் கணவர் சொன்னது உண்மைதானா என்றுதான் கேட்கிறார்கள்.”

கொல்கத்தாவில் சில ஆண்டுகள் ஹவாயன் கிதார் பயின்றவன் நான் என்பதனால் இக்கேள்வி என்னிடம் வந்தது. அதற்கு விடை காணும் முயற்சியில் நான் அறிந்துகொண்டவற்றையே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் அவ்வாத்தியம் எத்தகையது என்று பார்ப்போம். நம் வீணையில் தந்தியை மெட்டின்மேல் விரலால் அழுத்துகிறோம். சித்ரவீணையில் மெட்டுக்கள் இல்லை. தந்தியின்மேல் உருளை ஒன்றை நகர்த்தி, ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு இடைவெளியின்றி வழுக்கிச் செல்கிறோம். ஹவாய்த் தீவுகளில் ஜோசப் கெகூக்கு என்பவர், ஏறத்தாழ 1889ஆம் ஆண்டில், பதினைந்து வயதுச் சிறுவராக இருந்தபோது, கிதாரின் தந்திகள்மீது உலோகத் துண்டை நகர்த்தி வாசிக்கும் முறையை உருவாக்கினார் என்பர். உருக்குத் துண்டால் வாசிக்கப்படுவதால் அது ஸ்டீல் கிதார் எனப் பெயர் பெற்றது. 1915ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரில் நடைபெற்ற பெரிய கண்காட்சியில் ஹவாய்த் தீவினர் வாசித்தபின், அமெரிக்க நாடெங்கும் அவ்விசை பரவியது. 1932ஆம் ஆண்டில் ரிக்கன்பேக்கர் நிறுவனம், வாணலியைப் போன்ற வடிவில் அலுமினியத்தால் வார்க்கப்பட்ட மின்சார ஸ்டீல் கிதாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இம்முறையில் ஒரு குறை இருந்தது. இடக்கையிலுள்ள உருக்கு உருளை நேரானது. எல்லாத் தந்திகளையும் ஒரே கோட்டில்தான் தொடும். ஆகவே மூன்று தந்திகளைச் சேர்த்து மீட்டும்போது, அவை மூன்றும் ஒன்றாக உயரும், ஒன்றாகத் தாழும்; அவற்றினிடையே உள்ள ஸ்வர இடைவெளி மாறாது. பல ஸ்வரங்களைச் சேர்த்தொலிக்கும் மேனாட்டு இசைக்கு இது பெரிய தடை. இதை நீக்கவே, காலால் அழுத்தும் மிதிகள் அமைக்கப்பட்டன. பெடல் என்னும் சொல் இம்மிதியையே குறிக்கும். மிதியை அழுத்தினால் குறிப்பிட்ட ஓரிரு தந்திகள் மட்டும் இழுக்கப்பட்டுச் சுருதி உயரும். விட்டால் பழைய நிலைக்கு மீளும். பின்னர் முழங்காலால் தள்ளும் நெம்புகோல்களும் சேர்ந்தன.

இன்று பெரிதும் வழங்கும் ஈ-9 என்னும் சுருதியமைப்பில் இதன் வேலையை நம் ஸ்வரங்களைக் கொண்டே விளக்கலாம். ஸட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம் ஆகிய மூன்றும் ஒலிக்கும் தந்திகளை மீட்டிவிட்டு முதலிரு மிதிகளையும் அழுத்தினால், ஸட்ஜம் அசையாமல் நிற்கும். காந்தாரம் அரை ஸ்வரம் ஏறிச் சுத்த மத்தியமமாகும். பஞ்சமம் முழு ஸ்வரம் ஏறிச் சதுச்ருதி தைவதமாகும். ஒரே கார்வையில், மீண்டும் மீட்டாமலே, இம்மாற்றம் நிகழ்கிறது. அவ்வாத்தியத்தின் ஒலியில் ஒருவகை உருக்கம் இருப்பதாகக் கேட்பவர்கள் உணர்வதற்கு இதுவே காரணம்.

இனி, இத்தகைய சிக்கலான பொறியை ஒருவர் வீட்டில் ஏன் செய்யவேண்டும் என்ற கேள்வி எழும். கிப்ஸன் நிறுவனம் 1940ஆம் ஆண்டையொட்டியே மிதிகளுடைய கருவி ஒன்றை வெளியிட்டது. ஆயினும் அது விலையுயர்ந்தது, அரியது. கலிபோர்னியாவில் பால் பிக்ஸ்பி என்பவர், மோட்டார் சைக்கிள் கட்டுவதிலும் வார்ப்புக்கான மாதிரிகள் செய்வதிலும் தேர்ந்தவர், 1948ஆம் ஆண்டில் ஸ்பீடி வெஸ்ட் என்னும் வாத்தியக்காரருக்கு மிதிகளோடு கூடிய ஸ்டீல் கிதாரைச் செய்துகொடுத்தார். பிக்ஸ்பி தம் சிறு பட்டறையில் ஒவ்வொன்றாகச் செய்பவர். அவரிடம் ஒரு கருவி பெற நெடுநாள் காத்திருக்கவேண்டும். அந்நிலையில், 1953ஆம் ஆண்டு வெப் பியர்ஸ் பாடிப் பதிவான பாடல் ஒன்றில் பட் ஐசக்ஸ் என்பவர், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதியை அழுத்தி ஸ்வரத்தை வளைத்து வாசித்தார். 1954இல் அப்பாடல் நாடெங்கும் ஒலித்தது. அதைக் கேட்ட ஸ்டீல் கிதார்க்காரர் ஒவ்வொருவரும் தமக்கும் அவ்வொலி வேண்டுமென்று விழைந்தனர். வாங்குவதற்குப் பணமில்லாதவர்களும், காத்திருக்கப் பொறுமையில்லாதவர்களும் தாங்களே அரத்தையும் துளைப்பானையும் கையில் எடுத்தனர்.

அக்காலத்தில் அமெரிக்கச் சிற்றூர்களில் கடைசல் வேலை அறிந்தவர்களுக்குக் குறைவில்லை. வாரத்தில் ஐந்து நாள் பட்டறையில் உழைத்து, சனிக்கிழமை இரவு நடன அரங்கில் வாசிப்பவர்கள் பலர். மீந்த அலுமினியத் துண்டுகள், பழைய இயந்திரங்களின் தண்டுகள், மேஜைக்கென்று வாங்கிய மேப்பிள் பலகை ஆகியவற்றைக்கொண்டு அவர்கள் வாத்தியம் செய்தனர். புகழ்பெற்ற ஷோ-பட் நிறுவனமும், ஷாட் ஜாக்ஸன், பட்டி எம்மன்ஸ் என்னும் இரு வாத்தியக்காரர்கள் 1950களின் பிற்பகுதியில் ஒரு மோட்டார்க் கொட்டகையில் தொடங்கிய வேலையிலிருந்து வளர்ந்ததே. ஆகவே வீட்டில் செய்த கருவி, கம்பெனிக் கருவி என்னும் இரண்டிற்கும் இடையிலுள்ள எல்லைக்கோடு, தொடக்க காலத்தில் மிக மெல்லியதாகவே இருந்தது என்பதை மறக்கலாகாது.

இத்தகைய கருவி ஒன்று நம் கைக்கு வந்தால் முதலில் கடைப்பிடிக்க வேண்டிய விதி, அதைத் தூய்மை செய்யாதிருப்பது. பழைய பொருள் கிடைத்ததும் தேய்த்துப் பளபளப்பாக்க எல்லோருக்கும் கை பரபரக்கும். ஆனால், செய்தவர் பென்சிலால் இட்ட குறி, ஒட்டிய காகிதச் சீட்டு, தேய்ந்த வண்ணம் ஆகியவையே நமக்குச் சாட்சிகள். அவற்றைத் துடைத்துவிட்டால் பின்பு விசாரிக்க வழியில்லை. மேலும் கீழும் நான்கு பக்கமும் புகைப்படம் எடுத்தபின், கருவியைத் தலைகீழாக ஒரு மெத்தைமீது கிடத்த வேண்டும். மேல்புறம் எத்தனை எளிமையாக இருந்தாலும், அடிப்புறத்தில்தான் செய்தவருடைய மனம் தெரியும். குறுக்குத் தண்டுகள், அவற்றில் பொருத்திய நெம்புகள், மெல்லிய இழுகம்பிகள், தந்தியின் முனையைப் பற்றியிருக்கும் மாற்றுப்பொறி எல்லாம் அங்கே இருக்கின்றன. என் மைத்துனர் எடுத்து அனுப்பிய முதல் பத்துப் படங்களும் மேல்புறத்தையே காட்டின. அடிப்புறத்தைக் கேட்டு வாங்கியபின்தான் எனக்கு ஏதும் விளங்கத் தொடங்கியது.

இரண்டாவது விதி, வாங்கக் கிடைக்கும் பாகங்களைக் கண்டு ஏமாறாதிருத்தல். தந்தியை முறுக்கும் பிரடைகளில் குளூஸன், குரோவர் என்ற பெயர்கள் காணப்படலாம். அந்நிறுவனங்கள் பிரடைகளைப் பெரிய கம்பெனிகளுக்கும் விற்றன, கடைகளில் தனி மனிதர்களுக்கும் விற்றன. ஆகவே குளூஸன் பிரடை இருப்பதனால் ஒரு கருவி கிப்ஸன் ஆகிவிடாது. தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருளுக்கும் இதுவே பொருந்தும். முதல் வியாபாரி, பிரடையைப் பார்த்துக் கம்பெனிப் பொருள் என்றார் போலும். அவர் பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை.

மூன்றாவதாகக் காலத்தை அறியும் வழி ஒன்றுண்டு. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு கருவியில் இருந்தால், அதன் உலோக உறையின்மேல் சிறு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். அமெரிக்கத் தயாரிப்புகளில் முதல் மூன்று எண்கள் செய்த நிறுவனத்தையும், அடுத்தவை ஆண்டையும் வாரத்தையும் குறிக்கும். 137 என்பது சி.டி.எஸ். நிறுவனம், 304 என்பது ஸ்டாக்போல் நிறுவனம். நாங்கள் ஆராய்ந்த கருவியில் 1376618 என்ற எண் இருந்தது. அதாவது சி.டி.எஸ். நிறுவனம் 1966ஆம் ஆண்டு 18ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். இதிலிருந்து, அத்திருகு அதற்கு முன் அங்கே பொருத்தப்பட்டிருக்க முடியாது என்பது மட்டுமே உறுதியாகும். அது கடையில் சில ஆண்டுகள் கிடந்திருக்கலாம். பழுதான வேறொன்றை எடுத்துவிட்டு இதைப் பின்னால் பொருத்தியிருக்கவும் கூடும். ஈயப் பற்றவைப்பு ஒரே தடவை செய்யப்பட்டதா, இரண்டாம் முறை உருக்கப்பட்டதா என்று உற்று நோக்க வேண்டும். இங்கே ஒரே தடவைதான் செய்யப்பட்டிருந்தது.

தந்திகளின் எண்ணிக்கையும் ஒரு குறிப்பைத் தரும். 1950களின் கருவிகளில் ஒரு கழுத்துக்கு எட்டுத் தந்திகள் மிகுதி. 1960களில் பத்துத் தந்திகள் வழக்கமாயின. பொறியின் வகையையும் பார்க்க வேண்டும். 1957இல் வெளிவந்த ஃபெண்டர் 1000 முதலியவற்றில் மிதியின் இழுப்பைக் கொண்டுசெல்வது முறுக்குக் கம்பி வடம். வேறு பலவற்றில் விறைப்பான இழுகம்பி. வீட்டில் செய்பவர் தாம் பார்த்த கருவியைப் பின்பற்றித்தான் தொடங்குவார். ஆகவே ஒரு கம்பெனியின் முறை அடிப்புறத்தில் தென்படுவதனால் மட்டும் அஃது அக்கம்பெனியின் படைப்பு என்று முடிவு கட்டலாகாது.

நான்காவதும் முக்கியமானதும், கையின் தடத்தைக் காண்பது. மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்புப் பணி செய்பவன் நான். கையொப்பமில்லாத வரைவு ஒன்று மேஜைக்கு வந்தால், அதை எழுதியவர் இன்னார் என்று அவருடைய சொற்பழக்கத்தைக்கொண்டே சில சமயங்களில் சொல்லிவிடலாம். உலோக வேலையிலும் அப்படியே. தொழிற்சாலையில் ஒரே அச்சில் பிறந்த பத்துப் பாகங்கள் பத்தும் ஒன்றுபோலிருக்கும். எங்கள் கருவியின் மாற்றுப்பொறியில் தந்திக்கு ஒன்றாகப் பத்து அலுமினிய விரல்கள் இருந்தன. அவற்றின் விளிம்பில் அரத்தின் கோடுகள் தெரிந்தன. எந்த இரண்டும் முற்றிலும் ஒத்திருக்கவில்லை. நெம்புகளில் 1 முதல் 10 வரை எண்கள் சுத்தியலால் தட்டிப் பொறிக்கப்பட்டிருந்தன. எல்லா எண்களும் ஒரே திசையில் சற்றே சாய்ந்திருந்தன.

இன்னும் தெளிவான சாட்சி, மூடப்பட்ட துளைகள். குறுக்குத் தண்டைத் தாங்கும் இடத்தில் முதலில் இட்ட துளைகளை மர ஆணிகளால் அடைத்துவிட்டு, முக்கால் அங்குலம் தள்ளி வேறு துளைகள் இடப்பட்டிருந்தன. தொழிற்சாலை தன் தவற்றை மாதிரிக் கருவியிலேயே திருத்திக்கொள்ளும். விற்பனைக்கு வரும் கருவியில் அதைக் காண்பது அரிது. ஒரே ஒரு கருவியைச் செய்பவருக்கோ அதுவே மாதிரி, அதுவே முடிவான படைப்பு. மேலும், மிதிகளைச் சேர்ந்த திருகாணிகள் ஒரு வகையாகவும், இரண்டு முழங்கால் நெம்புகோல்களைச் சேர்ந்தவை வேறு வகையாகவும் இருந்தன. ஆகையால் நெம்புகோல்கள் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டவை என்று ஊகித்தோம். இதை என் மைத்துனர் அம்மூதாட்டியிடம் சொன்னபோது, அவர்கள் சற்று நேரம் யோசித்துவிட்டு, “மணமான மறு குளிர்காலம் முழுவதும் அவர் அதன் அடியில் படுத்துக்கொண்டிருந்தார். ஏதோ பழுது பார்க்கிறார் என்று நினைத்தேன்” என்றார்களாம். அந்த ஒரு வாக்கியம் எங்கள் ஊகத்துக்குப் பெருந்துணையாயிற்று. குடும்பத்தாரிடம், “இதை யார் செய்தது?” என்று பொதுவாகக் கேட்பதைவிட, கருவியில் கண்ட ஒரு குறிப்பைக் காட்டிக் கேட்பதே பயன் தரும் என்பதை அன்று நான் கற்றுக்கொண்டேன்.

இனங்கண்டாயிற்று. இனி அது வாத்தியமாக எப்படியிருக்கிறது என்று சோதிக்க வேண்டும். புதிய தந்திகளைப் பூட்டி, சுருதி காட்டும் சிறு கருவியை வைத்துக்கொண்டால், இசை அறியாதவரும் இச்சோதனைகளைச் செய்யலாம்.

முதற்சோதனை, மீட்சி. ஒரு மிதியைப் பத்து முறை அழுத்தி விட்டுப் பார்க்க வேண்டும். தந்தி ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்குத் திரும்புமானால், அந்த இடம் சற்றுப் பிசகியிருந்தாலும் கவலையில்லை. திருகைச் சரிசெய்தால் போதும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறிடத்துக்குத் திரும்புமானால், எங்கோ அச்சு தேய்ந்திருக்கிறது அல்லது உராய்வு மிகுந்திருக்கிறது என்று பொருள். இரண்டாவது, உடலின் உறுதி. மிதியோடு தொடர்பில்லாத ஸட்ஜத் தந்தியை மீட்டிக்கொண்டு முதலிரு மிதிகளை அழுத்த வேண்டும். பலகை வளைந்து கொடுத்தால், அசையக்கூடாத ஸட்ஜமும் சற்று இறங்கும். அரை ஸ்வரத்தின் நூறில் ஒரு பங்கைச் சென்ட் என்பர். மூன்று நான்கு சென்ட் இறக்கம் நல்ல கம்பெனிக் கருவிகளிலும் உண்டு. பத்துக்கு மேல் போனால் காதுக்குப் புலப்படும்.

மூன்றாவது, அளவு. குதிரையிலிருந்து மறுமுனை வரை தந்தியின் நீளம் பெரும்பாலும் 24 முதல் 25 அங்குலம் வரை இருக்கும். பன்னிரண்டாவது மெட்டுக்கோடு அதில் சரிபாதியில் இருக்க வேண்டும். இவ்வாத்தியத்தில் மெட்டுக்கள் கண்ணுக்கு வழிகாட்டும் கோடுகளே. தந்தி அவற்றைத் தொடுவதில்லை. ஆகவே கோடு பிழையாக வரையப்பட்டிருந்தால், பலகையின் மேலுள்ள தகட்டை மாற்றினால் தீர்ந்தது; அதைக் கண்டு கருவியையே தள்ளிவிடக்கூடாது. நான்காவது, காந்தச் சுருள். மல்டிமீட்டரால் அளந்தால், சாதாரண மின்சாரக் கிதாரின் சுருள் 6 முதல் 8 கிலோ ஓம் வரை காட்டுவது வழக்கம். பெடல் ஸ்டீல் சுருள்கள் பல 15 முதல் 20 வரை காட்டும். அளவி எதுவும் காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. அறுந்த சுருளை மறுபடி சுற்றலாம். அதற்காகக் கருவியைக் குப்பையில் போட வேண்டியதில்லை.

இறுதியாக விலைக்கு வருவோம். விலை மூவகை. விற்றால் கிடைப்பது ஒன்று. தொலைந்தால் அதுபோன்ற மற்றொன்றைப் பெற ஆகும் செலவு, அதாவது காப்பீட்டுக்காகச் சொல்வது, மற்றொன்று. குடும்பத்துக்கு அது என்ன என்பது மூன்றாவது. இவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதனாலேயே பலரும் ஏமாற்றமடைகின்றனர்.

விற்பனை விலையைக் காண ஒரு முறை சொல்லுகிறேன். அதே எண்ணிக்கையுள்ள தந்தியும் மிதியும் நெம்புகோலும் கொண்ட, மாணவர்க்குரிய பழைய கம்பெனிக் கருவி ஒன்று நல்ல நிலையில் இன்று என்ன விலைக்கு உண்மையில் கைமாறுகிறது என்று பார்க்க வேண்டும். விற்பவர் கேட்கும் விலையைக் கணக்கில் எடுக்கக்கூடாது. கொடுத்து முடிந்த விலையே கணக்கு. அதுவே மேல் எல்லை. பிரடைகள், காந்தச் சுருள், கால்கள், பெட்டி ஆகியவற்றைத் தனித்தனியே விற்றால் வருவதில், பிரித்தெடுக்கும் கூலியைக் கழித்தால் எஞ்சுவது கீழ் எல்லை. வீட்டில் செய்த கருவி இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கும். முன் சொன்ன சோதனைகளில் தேறினால் மேலே செல்லும்; தவறினால் பழுதுபார்க்கும் செலவின் அளவுக்குக் கீழே இறங்கும். மாற்றுப் பாகம் கடையில் கிடைக்காது என்ற அச்சத்துக்காகவும் வாங்குபவர் சிறிது குறைப்பார், அது நியாயமே. கருவியின் எடையையும் நினைவிற் கொள்ள வேண்டும். இரட்டைக் கழுத்துக் கருவி பெட்டியோடு முப்பது கிலோவை எட்டக்கூடும். தொலைவுக்கு அனுப்பும் செலவு சில சமயம் விலையையே விழுங்கிவிடும். செய்தவரோ வாசித்தவரோ பெயர்பெற்றவர் என்பதற்குப் பழைய படமோ கடிதமோ இருந்தால் மட்டும் இக்கணக்கு முழுவதும் மாறும். சாட்சியில்லாத வாய்மொழிக்கு எவரும் பணம் தரமாட்டார்கள்.

நம் நாட்டிலும் இதற்கு ஒத்த சில செய்திகள் உண்டு. ஹவாய்த் தீவினரான டாவ் மோ குடும்பத்தினர் 1940களில் கல்கத்தாவில் தங்கியிருந்து அவ்விசையைப் பரப்பினர். பின்னர் பிரிஜ் பூஷண் காப்ரா ஹிந்துஸ்தானி ராகங்களை இக்கிதாரில் வாசித்தார். 1994ஆம் ஆண்டு கிராமி பரிசு பெற்ற விச்வமோகன் பட், கூடுதல் தந்திகளைச் சேர்த்து மோகன வீணையை அமைத்துக்கொண்டார். அவ்வாத்தியம் முதன்முதலில் உருவானபோது அதற்குச் சந்தை விலை ஏது? தமக்கு வேண்டிய ஒலி கடையில் கிடைக்காதபோது, அதைத் தாமே உண்டாக்கிக்கொள்வது எந்நாட்டு இசைவாணருக்கும் பொதுவான இயல்பு. டெக்சாஸில் ஒரு கடைசல்காரர் செய்ததும் அவ்வகையைச் சேர்ந்ததே. அவருக்குப் புகழ் வரவில்லை என்பதுதான் வேறுபாடு.

என் மைத்துனருக்கு நான் எழுதிய விடை இது: “அம்மாளிடம் சொல்லுங்கள், அவர் கணவர் சொன்னது உண்மை. பிரடைகளும் காந்தச் சுருளும் விலைக்கு வாங்கியவை. மற்றவை ஒரே மனிதருடைய கைவேலை. 1966ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குப் பின் செய்யப்பட்டது. முழங்கால் நெம்புகோல்கள் மணத்துக்குப் பின் சேர்க்கப்பட்டவை. கம்பெனிப் பொருள் என்று சொன்னால் பணம் கூடுதலாகக் கிடைக்கலாம். ஆனால் வாங்குபவர் ஒரு நாள் அதைக் கவிழ்த்துப் பார்ப்பார். அன்று நம் சொல் பொய்யாகும். அதைவிட, அம்மனிதர் செய்த வேலையை நாமே இன்னொருவர் கணக்கில் எழுதிவிட்டவர்கள் ஆவோம்.”

மைத்துனர் அதனை மொழிபெயர்த்து அம்மூதாட்டிக்குப் படித்துக் காட்டினார். இரு வியாபாரிகளுக்கும் அவர்கள் விற்கவில்லை. பக்கத்து ஊரில், சொந்தக் கருவி வாங்க இயலாமல் இரவல் கருவியில் பயின்றுவந்த இளைஞன் ஒருவன் இருந்தான். முதல் வியாபாரி சொன்னதற்குக் குறைவாகவும், இரண்டாமவர் சொன்னதற்கு மேலாகவும் ஒரு விலை பேசி அவனுக்குக் கொடுத்தார்கள். கொடுக்குமுன், கருவியின் விவரம் முழுவதையும், எது வாங்கியது, எது செய்தது, எங்கே துளை மாற்றப்பட்டது என்பது உட்பட, ஒரு தாளில் எழுதி, கணவர் பெயரையும் இட்டு, பெட்டியின் உட்புறத்தில் ஒட்டச் செய்தார்கள். மூன்றாவது தந்தி மட்டும் சுருதியில் சரியாக நிற்பதில்லை என்பதையும் அதில் மறைக்கவில்லை.

நம் வீடுகளின் பரண்களிலும் பெயரில்லாத பொருள்கள் பல உறங்குகின்றன. தாத்தா கடைந்த பிரடை உள்ள தம்புரா, மாமா சுற்றிய சுருளோடு கூடிய வானொலிப் பெட்டி, எவரோ இழைத்த வீணைக் குடம் என்று அவை எதுவாகவும் இருக்கலாம். அவற்றைப் பழைய பொருள் வியாபாரியிடம் எடை போட்டுக் கொடுக்குமுன், ஒரு முறை கவிழ்த்துப் பார்த்து, கண்டதை ஒரு தாளில் எழுதி வைப்பதற்கு அரை மணி நேரம் போதும். செய்தவரை அறிந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே அதைச் செய்துவிடுவது நல்லது.